கேள்வி – பதில்: கான்பெராவின் கொலைக் கணக்கு

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே ஆஸ்திரேலியக் குற்றவியல் ஆய்வு நிறுவனத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அரசாங்கக் காசில் கான்பெராவில் இயங்குவது, போலீஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை, வருஷா வருஷம் குற்றங்களை எண்ணுவதும் ஆராய்வதும்தான் அதன் வேலை, அதற்கு ஆண்டறிக்கை போட்டு நாடாளுமன்றத்தில் வைக்கிறார்கள் என்று. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கெல்லாம் விடுமுறை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஈரோடு வாசகர் ஒருவர்: கொலையை எண்ணுவதற்கு ஒரு நிறுவனமா? ஸ்டேஷன் ரிஜிஸ்டர்களை வாங்கிக் கூட்டினால் விடை வந்துவிடாதா?

விடை வரும். எத்தனை என்ற விடை மட்டும் வரும். யார் யாரைக் கொன்றார், இருவருக்கும் என்ன உறவு, வீட்டிலா தெருவிலா, கத்தியா துப்பாக்கியா வெறுங்கையா, குடித்திருந்தார்களா, முன்பே ஏதாவது புகார் இருந்ததா, இதெல்லாம் ரிஜிஸ்டரைக் கூட்டினால் வராது. ஒவ்வொரு கேஸையும் திறந்து படித்து, ஒரே படிவத்தில் நிரப்ப வேண்டும். அதைத்தான் இவர்கள் தேசியக் கொலைக் கண்காணிப்புத் திட்டம் என்ற பெயரில் செய்கிறார்கள்.

அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்துக்கான சட்டம் 1971இல் வந்தது, 1973இல் வேலை தொடங்கியது. கொலைக் கணக்கு அப்போது இல்லை. 1987இல் மெல்பர்ன் நகரில் ஆகஸ்டில் ஹாடில் தெருவில் ஒருவன் சுட்டதில் ஏழு பேர், டிசம்பரில் குவீன் தெருவில் இன்னொருவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். நாடே பதறிப்போய் வன்முறை பற்றி ஆராய ஒரு தேசியக் குழு போட்டது. குழு உட்கார்ந்து பார்த்தால், ‘கொலைகள் பெருகிவிட்டனவா?’ என்ற முதல் கேள்விக்கே நாடு முழுவதற்குமான ஒரே சீரான விவரம் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் வழக்கப்படி எழுதி வைத்திருந்தது. அதனால் 1989 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து நடந்த ஒவ்வொரு கொலையும் இந்தத் திட்டத்தின் கணக்கில் ஏறுகிறது. மாநிலப் போலீஸ் தரும் விவரம் ஒரு பக்கம், கரோனர் என்கிற மரண விசாரணை அதிகாரியின் பதிவு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப் போகாத இடத்தில் திரும்பக் கேட்டு எழுதுகிறார்கள். போலீஸ் தாளில் ‘தெரிந்தவர்’ என்று மட்டும் இருக்கும். கரோனர் தாளைப் பார்த்தால்தான் அந்தத் தெரிந்தவர் ஆறு மாதம் முன்பு பிரிந்துபோன கணவர் என்று தெரியும், இந்த மாதிரி. இதைக் கூட்டல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சிட்னியிலிருந்து ஒரு தமிழர்: இங்கே புள்ளியியல் துறை ஓர் எண் வெளியிடுகிறது, இவர்கள் வேறோர் எண் வெளியிடுகிறார்கள். இரண்டும் எங்கள் வரிப்பணம். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம், என்ன எண்ணினார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். புள்ளியியல் துறை ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கெடுக்கிறது; அதன் கொலைத் தலைப்பில் கொலை முயற்சியும் சேரும். ஆய்வு நிறுவனம் ஜூலை முதல் ஜூன் வரை கணக்கெடுக்கிறது. உயிர் போனால்தான் சேர்க்கும். வெட்டுப்பட்டுப் பிழைத்தவர் முதல் கணக்கில் இருப்பார், இரண்டாவதில் இருக்கமாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொலை எண்ணிக்கை என்றால் சம்பவமா, இறந்தவர்களா, கொன்றவர்களா? டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் 1996 ஏப்ரல் 28ஆம் தேதி ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். சம்பவக் கணக்கில் அது ஒன்று. இறந்தவர் கணக்கில் 35. 1995-96ஆம் ஆண்டுக்கான வரைபடத்தில் இறந்தவர்களின் கோடு சட்டென்று மேலே போகும், சம்பவக் கோட்டில் அந்த நாள் எந்தத் தடயமும் விடாது. எந்தக் கோட்டை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த வருஷம் பயங்கரமான வருஷமாகவோ சாதாரண வருஷமாகவோ ஆகிவிடும். அந்தப் படுகொலைக்குப் பிறகுதான் துப்பாக்கிச் சட்டங்களை இறுக்கி, மக்களிடமிருந்து சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது. அந்தச் சட்டம் பலன் தந்ததா என்று இன்றுவரை விவாதிக்கிறார்களே, இரண்டு கட்சியும் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கொலைக் கணக்கைத்தான். 1996க்கு முந்தைய ஏழு வருஷ விவரம் ஏற்கெனவே கையில் இருந்தது என்பது பெரிய விஷயம். சம்பவம் நடந்த பிறகு கணக்கைத் தொடங்கினால் ‘முன்பு எப்படி இருந்தது’ என்று கேட்க வழியே இல்லை.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: ஆஸ்திரேலியாவில் கணவன்மார், காதலர்களால் கொல்லப்படும் பெண்களின் எண்ணிக்கை ஏறிவிட்டது என்று ஒரு செய்தி, வெகுவாகக் குறைந்துவிட்டது என்று இன்னொரு செய்தி. எது பொய்?

ஒன்றும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே அறிக்கையில் இருந்து வந்தவை. 2022-23இல் கணவராலோ துணைவராலோ, முன்னாள் துணைவராலோ கொல்லப்பட்ட பெண்கள் 34 பேர். விகிதமாகப் பார்த்தால் முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் அதிகம். அதே அறிக்கை, 1989-90இலிருந்து பார்த்தால் இந்த வகைக் கொலையின் விகிதம் 66 சதவீதம் குறைந்திருக்கிறது என்றும் சொன்னது. அடுத்த வருஷம், 2023-24இல், 34 என்பது 46 ஆயிற்று.

சரி, இதை வைத்து என்ன சொல்வது? அமைச்சராக இருந்தால் 66ஐச் சொல்வார், எதிர்க்கட்சி 28ஐச் சொல்லும், அது அவரவர் பிழைப்பு. என்னைக் கேட்டால் இரண்டு வருஷம் தொடர்ந்து ஏறியதுதான் கவலைப்பட வேண்டியது. எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது ஒரு வருஷ ஏற்றத்தில் தற்செயலுக்கும் பங்கு இருக்கலாம். இரண்டாவது வருஷமும் ஏறினால் அந்தச் சமாதானம் செல்லாது. ஆண்டறிக்கை வரும்வரை காத்திருப்பது தாமதம் என்று 2024இல் இந்தக் கொலைகளுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒரு பக்கத்தைத் தனியாகத் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மூன்று மாதக் கணக்கை வைத்துக்கொண்டு ‘போன காலாண்டைவிடக் குறைவு’ என்று யாராவது மார் தட்டினால் அங்கிருந்து எழுந்து போய்விடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வழக்கறிஞர்: சாத்தான்குளத்துக்குப் பிறகு கஸ்டடி மரணம் என்றாலே எங்களுக்குக் காது நீளும். அங்கே அதையும் எண்ணுகிறார்களா? எண்ணி என்ன ஆயிற்று?

எண்ணுகிறார்கள், 1992இலிருந்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1980களில் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் லாக்கப்பிலும் சிறையிலும் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். குடும்பங்கள் வீதிக்கு வந்து போராடியதில் 1987இல் ராயல் கமிஷன் என்கிற உயர்மட்ட விசாரணைக் குழு அமைந்தது. 1980க்கும் 1989க்கும் இடையே நடந்த 99 மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்து, 1991இல் 339 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. காவலில் நடக்கும் மரணங்களைத் தேசிய அளவில் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று, அந்த வேலை இந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது.

வழக்கறிஞர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய இடம் ஒன்று. ‘காவலில் மரணம்’ என்றால் என்ன என்பதை அவர்கள் அகலமாக வரையறுத்துக்கொண்டார்கள். லாக்கப் அறைக்குள் மூச்சு நின்றால்தான் கணக்கு என்பது கிடையாது. காவலில் பட்ட காயத்தாலோ, காவலில் சரியான கவனிப்பு கிடைக்காததாலோ ஆஸ்பத்திரியில் போய் இறந்தாலும் சேரும். போலீஸ் பிடிக்க முயலும்போது இறந்தாலும் சேரும், தப்பி ஓடும்போது இறந்தாலும் சேரும். போலீஸ் துரத்திய காரில் இருந்தவர் மரத்தில் மோதி இறந்தால்கூடச் சேரும். இதில் ஸ்டேஷனுக்குள்ளோ போலீஸாரின் நேரடிப் பிடியிலோ நடந்தவை முதல் வகை, துரத்தல், முற்றுகை போன்ற நடவடிக்கைகளின்போது நடந்தவை இரண்டாம் வகை என்று பிரித்துத் தனித்தனியே காட்டுகிறார்கள். ‘அவர் எங்கள் காவலிலேயே இல்லை, ஆஸ்பத்திரியில்தான் இறந்தார்’ என்ற பழக்கப்பட்ட வாசகத்துக்கு அங்கே வேலை குறைவு.

அடுத்தது, எண்ணியதில் கிடைத்த ஒரு விடை பலருக்கும் உவப்பாக இல்லை. காவலில் இருக்கும் பழங்குடியினர், காவலில் இருக்கும் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் இறக்கவில்லை என்று அந்த ராயல் கமிஷனே கண்டது. அதற்குப் பிறகு வந்த பல ஆண்டறிக்கைகளிலும், நூறு கைதிகளுக்கு எத்தனை மரணம் என்று கணக்கிட்டால், பழங்குடியினரின் விகிதம் குறைவாகவே இருக்கிறது. இதை மட்டும் பிய்த்தெடுத்து ‘பார்த்தீர்களா, பிரச்சினையே இல்லை’ என்று பேசுகிறவர்கள் அங்கே உண்டு. அவர்கள் விழுங்கிவிடும் பாதி இது: மக்கள்தொகையில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லாத ஒரு சமூகம் சிறைக்கைதிகளில் மூன்றில் ஒரு பங்காக இருக்கிறது. இவ்வளவு பேரை உள்ளே தள்ளினால் இவ்வளவு பேர் உள்ளே சாவார்கள். அதனால்தான் கமிஷனின் பரிந்துரைகளில் ஒரு கணிசமான பகுதி, மரணத்தை எப்படித் தடுப்பது என்பதோடு நிற்காமல், ஆட்களைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பது எப்படி என்பதைப் பேசியது. கைது வேண்டாத இடத்தில் கைது செய்யாதே, பொது இடத்தில் குடித்திருப்பதைக் குற்றமாக வைக்காதே, சிறை கடைசி வழியாக இருக்கட்டும் என்று.

எண்ணி என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். கழுத்தில் சுருக்கிட்டு இறப்பது முன்பு சிறை மரணங்களில் பெரும் பங்கு வகித்தது. எங்கே, எந்தக் கம்பியில், எந்தத் துணியால் என்று தாளில் ஏறிய பிறகு, அறைகளில் கயிறு மாட்டக்கூடிய இடங்களை அகற்றும் வேலை நடந்தது, அந்தப் பங்கும் இறங்கியது. இப்போது சிறையில் இறப்பவர்களில் அதிகம்பேர் நோயால் இறக்கிறார்கள். இது ஒரு பக்கம். ராயல் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு காவலில் இறந்த பழங்குடியினரின் எண்ணிக்கை 600ஐத் தாண்டிவிட்டது, இது மறுபக்கம். இந்த 600ஐயும் அதே நிறுவனம்தான், அதே அரசாங்கக் காசில்தான் எண்ணிச் சொல்கிறது. 2023லிருந்து ஆண்டறிக்கைக்காகக் காத்திருக்காமல் மரணங்களை உடனுக்குடன் ஏற்றுகிற பக்கமும் உண்டு. எண்ணுகிறவர்களால் சிறைக்கதவைத் திறந்துவிட முடியாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ‘அப்படியொன்றும் நடக்கவில்லையே’ என்று எந்த அமைச்சராலும் அங்கே சொல்ல முடிவதில்லை.

வேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: கைதிகளிடம் சிறுநீர் வாங்கிச் சோதிக்கிறார்களாமே, இது நியாயமா?

கட்டாயப்படுத்தினால் நியாயமில்லை, கட்டாயம் கிடையாது. 1999இல் அமெரிக்காவில் இருந்த ஒரு திட்டத்தைப் பார்த்து ஈஸ்ட் பெர்த், சவுத்போர்ட், பேங்க்ஸ்டவுன், பாரமாட்டா ஆகிய நாலு இடங்களில் ஆரம்பித்தார்கள். கைதாகி லாக்கப்புக்கு வந்திருப்பவரிடம், போலீஸ் அல்லாத ஒரு நேர்காணலாளர் போய், ‘ஆராய்ச்சிக்காகக் கேட்கிறோம், பெயர் எழுதமாட்டோம், கேஸில் உனக்கு எதிராக வராது, விருப்பமிருந்தால் பேசு’ என்கிறார். என்ன போதைப்பொருள், எவ்வளவு நாளாக, என்ன விலை, சுலபமாகக் கிடைக்கிறதா என்று கேள்வி. கடைசியில், சம்மதித்தால் மட்டும், சிறுநீர்.

எதற்குச் சிறுநீர் என்றால், மனிதர்கள் சொல்வதும் செய்ததும் ஒன்றாக இருப்பதில்லை, அதுவும் லாக்கப்பில். மெத் எனப்படும் மெத்தாம்ஃபெட்டமின் என்றால் சில நாள், கஞ்சா என்றால் வாரக்கணக்கில்கூடச் சிறுநீரில் தெரியும். அண்மைக் காலத்தில் சோதனைக்குச் சம்மதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் மெத் இருந்தது. ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும், இது பிடிபட்டவர்களின் கணக்கு, ஊர் மக்களின் கணக்கு கிடையாது. மெத் போட்டதால் திருடினாரா, திருடுகிற வாழ்க்கையில் மெத்தும் வந்து சேர்ந்ததா என்பதையும் சிறுநீர் சொல்லாது. தெருவில் புதுச் சரக்கு எது, விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், அதற்குத்தான் இது பயன்படுகிறது.

சேலம் வாசகர் ஒருவர்: அரசாங்கத்தை ஏமாற்றுகிறவர்களையும் எண்ணுகிறார்களா?

உண்டு. மத்திய அரசுத் துறைகள் எல்லாவற்றுக்கும் வருஷம் ஒருமுறை படிவம் போகும், உங்கள் துறையில் எத்தனை மோசடி பிடித்தீர்கள், எவ்வளவு பணம், எவ்வளவு திரும்பி வந்தது என்று. இதைப் படிக்கிறபோது ஒரு எச்சரிக்கை: நிறைய மோசடி பிடித்ததாகச் சொல்லும் துறை நன்றாகத் தேடும் துறையாகவும் இருக்கலாம். பூஜ்யம் என்று எழுதி அனுப்பும் துறையைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

மெல்பர்னிலிருந்து, பெயர் வேண்டாம் என்ற வாசகர்: அரசாங்கம் காசு கொடுத்தால் அரசாங்கம் சொன்னபடிதானே ஆடுவார்கள்?

சந்தேகம் நியாயமானது, நீங்கள் கேட்டதைவிட ஒரு படி மேலேயும் போகலாம். நாட்டின் குற்றப் புலனாய்வு ஆணையத்துக்குத் தலைவராக இருப்பவரே சில வருஷங்களாக இந்த ஆய்வு நிறுவனத்துக்கும் இயக்குநர். 2016இல் நிறுவனத்தை ஆணையத்தோடு ஒரேயடியாக இணைத்துவிட மசோதாவே வந்தது. குற்றவியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள், அது சட்டமாகவில்லை. ஆனால் தலைமை ஒன்றாகத்தான் இருக்கிறது. ரகசியம் காப்பது ஒருவருடைய தொழில், கண்டதை அச்சிட்டுக் கொடுப்பது இன்னொருவருடைய தொழில். இரண்டுக்கும் ஒரே தலைவர் என்பது எனக்கு உவப்பான ஏற்பாடாகத் தெரியவில்லை. தலைவர் நல்லவராக இருந்தால் ஓடும், அவ்வளவுதான்.

மறுபுறம், முழுக்க ஒரே பையில் இருந்து காசு வரவில்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு வருஷா வருஷம் ஆய்வு மானியம் கொடுக்கிறார்கள். அந்த நிதிக்கு மத்திய அரசோடு மாநில அரசுகளும் மக்கள்தொகைக்குத் தக்கபடி பங்கு போடுகின்றன, யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் குழுவிலும் மாநிலங்கள் இருக்கின்றன. கட்சி வேறான அரசுகள் ஒரே மேசையில் உட்காருவதே ஒரு பாதுகாப்பு. அப்புறம், வேண்டாத எண்ணை மறைப்பதற்கு வழி குறைவு. 1989இலிருந்து வருகிற தொடரில் ஒரு வருஷத்தை விட்டுவிட்டால் அந்த ஓட்டை எல்லோர் கண்ணிலும் படும். எந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை என்பதில்தான் அரசாங்கத்தின் கை தெரியும், நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

திருச்சி வாசகர் ஒருவர்: நம்மிடம் இப்படி ஏதாவது இருக்கிறதா, இல்லை வழக்கம்போல வெள்ளைக்காரன் புராணமா?

கோபிக்காதீர்கள், இருக்கிறது. டெல்லியில் குற்றவியல், தடய அறிவியல் நிறுவனம் 1972இல் தொடங்கியது, கான்பெராவுக்கு ஒரு வருஷம் முன்பே. இப்போது அது தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் வந்தது, ஆனால் அது வெளியிடும் ஆண்டுத் தொகுப்பு 1953இலிருந்தே வருகிறது, அவர்களுடைய கொலைக் கணக்கைவிட முப்பத்தாறு வயது மூத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. கஸ்டடி மரணம் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 1993இலிருந்து இருக்கிறது.

குறை எங்கே என்றால், நம் தொகுப்பு போலீஸ் பதிவு செய்த வழக்குகளின் கணக்கு. எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால் குற்றமே நடக்கவில்லை. ஒரே வழக்கில் பாலியல் வன்கொடுமையும் கொலையும் இருந்தால் பெரிய குற்றத்தின் கீழ் மட்டும் எண்ணுகிறார்கள், அதாவது கொலை என்று ஏறும், பாலியல் வன்கொடுமை என்ற தலைப்பின் எண்ணிக்கையில் சேராது. காலதாமதம் வேறு, 2023ஆம் ஆண்டின் தொகுப்பு நம் கைக்கு வந்தது 2025 செப்டம்பர் கடைசியில். அதற்குள் அந்த எண்ணை வைத்துத் திட்டம் தீட்டியிருக்க வேண்டியவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு எம்.ஏ. மாணவி: குற்றவியல் படிக்கிறேன். இவர்களுடைய வெளியீடுகளுக்குக் காசு கட்ட வேண்டுமா? எதில் ஆரம்பிக்கலாம்?

ஒரு பைசா வேண்டாம், எல்லாம் இணையத்தில் இலவசம். முழு ஆய்வறிக்கையில் ஆரம்பிக்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். 1986இலிருந்து ‘போக்குகளும் பிரச்சினைகளும்’ என்ற பொருளில் ஒரு சிறு வெளியீட்டுத் தொடர் வருகிறது, ஒரு வெளியீட்டில் ஒரே விஷயம், சில பக்கங்கள், வெளி ஆட்கள் படித்துத் தேற்றிய பிறகே அச்சாகும். உங்கள் ஆய்வுத் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற நாலைந்தை எடுங்கள். முடிவுரையை விட்டுவிட்டு ‘முறையியல்’ பகுதியை முதலில் படியுங்கள், யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். கையோடு ஒரு கொலை அறிக்கையின் அட்டவணையையும் நம் காப்பகத்தின் கொலை அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதில் இருக்கும் எந்தக் கட்டம் இதில் இல்லை என்று குறித்துப் பாருங்கள், உங்கள் வழிகாட்டியிடம் காட்ட ஓர் அத்தியாயத்துக்கு வேண்டிய சரக்கு அதிலேயே கிடைத்துவிடும்.